முதல் நீரும் முழுச் செலவும்

தம்புள்ளையைச் சார்ந்தோடும் தம்புளு ஓயா 1976 தொடக்கம் மகாவலி நீரையும் சுமந்து கலாவெவவைச் சேர்கின்றது. 1968இல் வகுக்கப்பட்ட முப்பதாண்டுப் பெருந்திட்டம் பேரணைகள் பலவற்றை வேண்டியது. எனினும் பொல்கொல்லையின் தாழ்ந்த அணையும் சுரங்கவழிகளுமே முந்தின. நீர் விரைந்து வந்தது. தேக்கிவைக்க இடமோ சொற்பம்.

கணினித் தரவுத்தளத்தில் வினவலுக்கு வழிவகுக்கும் திட்டமிடுபொறியும் இவ்வாறே இரு செலவுகளை நிறுக்கின்றது: முதல் விடை கிட்டுமுன் ஆவது ஒன்று, இறுதி விடைவரை ஆவது மற்றொன்று. சில விடைகளே போதுமெனின் முன்னது குறைந்த வழியைத் தேரும். யாவும் வேண்டின் பின்னதையே நோக்கும்.

வரண்ட வயல்களுக்கு முதல் நீரே உயிராதலின் பொல்கொல்லையை முற்படுத்தியமை தக்கதே என்பேன். ஆயின் ஆண்டு முழுவதற்குமான நீருக்கு மேலாற்றில் தேக்கம் வேண்டியிருந்தது. 1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அப்பள்ளத்தாக்கின் ஊர்களும் வயல்களும் அதனடியில் மூழ்கின.