தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்கு உடற்பயிற்சி, விளையாட்டு, உடல்நலப் பழக்கங்கள் ஆகியவற்றைக் கற்பிப்பதே தொடக்கப் பள்ளி உடற்கல்வி. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஒரு முரண்பாடு தொடர்ந்து வருகிறது. உடற்கல்வி எல்லா வகுப்புகளுக்கும் உரியது என்று அறிக்கைகள் கூறின. ஆனால் அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் உயர்நிலைப் பள்ளிக்கே சென்றார். சிறு குழந்தைகளின் உடற்கல்வி வகுப்பாசிரியரின் பொறுப்பிலேயே விடப்பட்டது.

திண்ணைப் பள்ளிக் காலம்

திண்ணைப் பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் மனப்பாடமும் இருந்தன. உடற்பயிற்சிக்கென்று தனி வேளை கிடையாது. தோப்புக்கரணம், கோதண்டம் போன்றவை உடலை வருத்திய தண்டனைகளே. அவற்றைப் பயிற்சி என்று கொள்ள முடியாது. குழந்தைகள் ஓடவும் தாண்டவும் குறிபார்த்து எறியவும் தெருவில்தான் கற்றார்கள். கிட்டிப்புள், சடுகுடு, பச்சைக்குதிரை, நொண்டி, பாண்டி, கிளித்தட்டு என்று அந்தப் பாடத்திட்டம் வளமானது. அதற்கு ஆசிரியர் தேவைப்படவில்லை; மூத்த பிள்ளைகளைப் பார்த்து இளையவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

டிரில் வந்த விதம்

1882-இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு, மாணவரின் உடல் வளர்ச்சிக்கு உள்நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், பள்ளி டிரில் முதலியவற்றை ஊக்குவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பட்டியலில் உள்நாட்டு விளையாட்டுகளும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் பள்ளிகளில் வேரூன்றியது டிரில்தான்.

இதற்கான காரணங்களை ஊகிப்பது கடினமன்று. டிரிலுக்குப் பந்து வேண்டாம், கோடு போட்ட மைதானம் வேண்டாம். நூறு பிள்ளைகளை ஒரே குரலில் நடத்திவிடலாம். ஆய்வாளர் வரும் நாளில் வரிசை பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும். ஓய்வுபெற்ற படைவீரர்கள் பல பள்ளிகளில் டிரில் கற்பித்தார்கள். 'அட்டென்ஷன்', 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' ஆகிய கட்டளைகள் ஆங்கிலம் அறியாத கிராமத்துக் குழந்தைகளின் வாயிலும் புழங்கின. உடற்கல்வி ஆசிரியரை 'டிரில் வாத்தியார்' என்று அழைக்கும் வழக்கம் ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் நீடித்தது.

இந்தப் பாணி ஆட்சியாளரின் சொந்த நாட்டிலேயே கேள்விக்கு உள்ளானது. இங்கிலாந்தில் 1902-இல் வெளியான மாதிரிப் பாடத்திட்டம் படைப்பயிற்சியை ஒட்டி அமைந்தது. அது சிறு குழந்தைகளுக்குப் பொருந்தாது என்ற கண்டனம் எழவே, 1904-இல் வேறு பாடத்திட்டம் வந்தது. 1909-இல் வந்த திருத்தம், லிங் என்பவர் சுவீடனில் உருவாக்கிய பயிற்சி முறையைத் தழுவியது. 1919-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விளையாட்டுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. பெரியவர்களுக்கான பயிற்சியைச் சுருக்கிக் குழந்தைக்குக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் அங்கே இவ்வாறு படிப்படியாகத் தளர்ந்தது.

1920

தமிழ்நாட்டு உடற்கல்வி வரலாற்றில் 1920 முக்கியமான ஆண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக், சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சி நிறுவனத்தை அந்த ஆண்டில் தொடங்கினார். ஒரு சில மாணவர்களோடு தொடங்கிய அது பின்னர் சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் பெரிய வளாகத்துடன் வளர்ந்தது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்குப் பொறுப்பாளராகவும் பக் பணியாற்றினார். 1943-இல் மறைந்தார்.

பக் கொண்டுவந்த மாற்றத்தின் சாரம், கட்டளைக்குக் கைகால் அசைப்பதோடு உடற்கல்வி முடிந்துவிடாது என்பதே. விளையாட்டு, தடகளம், உடலியல் அறிவு, கற்பிக்கும் முறை ஆகியவற்றைக் கற்ற ஒருவரே உடற்கல்வி ஆசிரியர் என்ற நிலை உருவானது. ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் பிறந்த கூடைப்பந்தும் கைப்பந்தும் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் பரவ இந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் பெரிதும் காரணமானார்கள். அவர்களில் பெரும்பாலோர் பணியேற்றது உயர்நிலைப் பள்ளிகளில்தான். ஓராசிரியரோ ஈராசிரியரோ கொண்ட தொடக்கப் பள்ளிக்குத் தனி உடற்கல்வி ஆசிரியரை நியமிப்பதை அன்று யாரும் எண்ணியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே 1920-இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு வழங்க முடிவு செய்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு என்பது விதி. உடற்கல்வி வரலாற்றை எழுதுவோர் இந்தச் செய்தியைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை; சேர்க்க வேண்டும். பசியோடு வந்த குழந்தையை வெயிலில் நிறுத்திக் கைகளை உயர்த்தச் சொல்வது எந்த வகையிலும் உடற்கல்வி ஆகாது. 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிவடைந்த மதிய உணவுத் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவுத் திட்டம், 2022-இல் ஒன்று முதல் ஐந்து வரை பயிலும் குழந்தைகளுக்கென்றே தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஆகிய மூன்றும் மைதானத்தின் வரலாற்றையும் சேர்ந்தவை.

விடுதலைக்குப் பின்

தேசிய ஒழுங்குத் திட்டம் 1954-இல் தொடங்கியது. இத்தகைய பல திட்டங்களை ஒருங்கிணைக்கக் குன்ஸ்ரு குழு 1959-இல் அமைக்கப்பட்டது. இவற்றின் பார்வை பெரிதும் வளர்ந்த மாணவர்கள் மீதே இருந்தது. தொடக்கப் பள்ளியில் உடற்பயிற்சி, காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பிறகான சில அசைவுகளாகவும் கூட்டு உடற்பயிற்சியாகவும் கால அட்டவணையில் எழுதப்பட்ட விளையாட்டுப் பாடவேளையாகவும் நிலைத்தது. தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் அந்தப் பாடவேளையைக் கேட்பார். பல பள்ளிகளில் கணக்கு ஆசிரியரும் விளையாட்டு ஆசிரியரும் ஒருவரே என்பதால் கேட்கவும் தேவையில்லை.

கற்பிக்கும் முறை

ஆறு முதல் பத்து வயது வரை உள்ள குழந்தைக்கு ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தின் விதிகளைவிட ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், சமநிலை காத்தல் ஆகிய அடிப்படைத் திறன்களே முதல் தேவை. நெடுநேரம் ஒரே பயிற்சியில் அவர்களால் நிலைக்க முடியாது. குறுகிய நேரத்தில் வேகமாக இயங்கிச் சற்று ஓய்ந்து மீண்டும் இயங்குவதே அவர்களின் இயல்பு. ஆகவே வகுப்பாசிரியர் கற்றிருக்க வேண்டியது ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இசை நாற்காலி போல, தோற்றவர் வெளியேறும் ஆட்டங்களில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் மெலிந்த குழந்தை, மெதுவாக ஓடும் குழந்தை. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவரே மீதி நேரம் முழுவதும் உட்கார்ந்து பார்ப்பார். தொடப்பட்டவர் மறு அணியில் சேர்வது, சற்று நின்று மீண்டும் ஆட்டத்துக்குள் வருவது என்று விதியைச் சிறிது மாற்றினால் எல்லாரும் கடைசி வரை ஓடுவார்கள். அதேபோல நாற்பது பேருக்கு ஒரு பந்து கொடுத்தால் முப்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். துணிப்பந்து, பழைய சைக்கிள் டயர், சுண்ணாம்புக் கோடு ஆகியவை பல கிராமப் பள்ளிகளில் இந்தக் குறையை ஈடுசெய்தன. தெரு விளையாட்டுகளில் நொண்டி சமநிலைக்கும் பச்சைக்குதிரை தாண்டலுக்கும் கிளித்தட்டு திசைமாறி ஓடுவதற்கும் உதவின. ஹண்டர் குழு குறிப்பிட்டும் ஒதுங்கிப்போன உள்நாட்டு விளையாட்டுகள், விவரம் தெரிந்த வகுப்பாசிரியர்களின் கையில் இவ்வாறு மீண்டும் பள்ளிக்குள் வந்தன.

சட்டமும் நடைமுறையும்

2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, உடல்நலமும் உடற்கல்வியும் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக வேண்டும் என்றது. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்களும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கே சொல்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை ஆசிரியர் எண்ணிக்கையை மட்டும் வகுத்து நின்றுவிடுகிறது.

இதன்படி 2012-இல் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் அமர்த்தப்பட்டபோதும் தொடக்க வகுப்புகள் அந்தக் கணக்கில் வரவில்லை. 2018-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் விளையாட்டு மானியம் ஒதுக்குகிறது. அந்தத் தொகையில் பந்தும் ஸ்கிப்பிங் கயிறும் வளையமும் வாங்கலாம். அவற்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போகிறவர் இன்றும் வகுப்பாசிரியர்தான்.