யூனிக்ஸ் நேரம்

1970 ஜனவரி 1, யுடிசி நள்ளிரவு முதல் கடந்த நொடிகளாகக் கணினி நேரத்தைக் குறிக்கும் முறை. நாளுக்கு 86,400 நொடி. லீப் நொடிகள் கணக்கில் சேரா. எண்ணைத் தேதியாக்க ஓர் எடுத்துக்காட்டு: 100 கோடியை 86,400ஆல் வகுத்தால் 11,574 நாள், மீதி 6,400 நொடி. அதாவது 2001 செப்டம்பர் 9, அதிகாலை 1:46:40. இந்திய நேரத்துக்கு 19,800 நொடி கூட்ட, காலை 7:16:40.

தேதியை எண்ணாக்க இதையே தலைகீழாகப் போட வேண்டும். அப்போது அந்த 19,800ஐக் கழிக்க மறப்பது அன்றாடப் பிழை. ஜாவாஸ்கிரிப்ட் மில்லிநொடியில் எண்ணுவதால் இன்றைய தேதிக்கு 13 இலக்கம் வரும். அதை நொடியென்று எடுத்துக்கொண்டால் ஆண்டு ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும்!

32 பிட் குறியுள்ள எண்ணில் நேரத்தைச் சேமிக்கும் பழைய அமைப்புகள் 2038 ஜனவரி 19, யுடிசி 3:14:07க்குப் பின் 1901 டிசம்பருக்குத் தாவும். 64 பிட்டில் இச்சிக்கல் இல்லை.