ஆடு புலி ஆட்டத்தில் அடைபட்ட புலி: ஊருக்கு ஊர் மாறும் விதிகள்

ஆடு புலி ஆட்டம் இருவர் ஆடும் பழைய கட்டாட்டம். ஒருவரிடம் 3 புலிகள், மற்றவரிடம் பெரும்பாலும் 15 ஆடுகள். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் அதற்கு மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளிலும் இதை ஆடத் தனியாகப் பலகை வேண்டியதில்லை. திண்ணையில் ஒரு கரித்துண்டு, மேய்ச்சல் பாறையில் ஒரு கூர்ங்கல் போதும். புளியங்கொட்டை ஆடாகும், கூழாங்கல் புலியாகும். பழைய கோயில் மண்டபத் தளங்களிலும் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதைக் காணலாம்.

கட்டத்தை வரைவது எளிது. உச்சிப் புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடும். நடுவே மூன்று கிடைக்கோடுகள் அவற்றை வெட்டி இருபுறமும் வெளியே நீளும். அவற்றின் முனைகளை இணைத்தால் ஒரு செவ்வகம் வரும். உச்சி 1, கிடைக்கோடுகளில் 18, அடியில் 4, ஆக 23 புள்ளிகள். புலி, அடுத்த புள்ளியிலுள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தில் இறங்கினால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆடுகள் வெட்டுவதில்லை. புலிகளை நகரவிடாமல் அடைப்பதே அவற்றின் வெற்றி.

அடைப்பதற்கு எத்தனை ஆடுகள் வேண்டும் என்பது புலி நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அடிக்கோட்டின் மூலையில் நிற்கும் புலிக்கு அண்டைப் புள்ளிகள் இரண்டுதான். அவற்றில் இரண்டு ஆடுகள், அவற்றுக்குப் பின்னால் இரண்டு, ஆக நான்கு போதும். உச்சியிலுள்ள புலிக்கோ எட்டு வேண்டும். அனுபவமுள்ளவர் உச்சிப் புலியை முதலில் தொடமாட்டார்.

இனிதான் சுவையான இடம். ஓர் ஆட்டின் ஒருபுறம் ஒரு புலி, நேர் எதிர்ப்புறம் இன்னொரு புலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அந்த ஆட்டை வெட்ட முடியாது. ஒன்று இறங்க வேண்டிய இடத்தில் மற்றது நிற்கிறது. எதிரியின் உடலே ஆட்டுக்கு மறைப்பாகிவிடுகிறது. அவற்றுள் ஒன்று அடைபட்ட புலியாக இருந்தால் அது தானாக விலகவும் முடியாது. ஆனால் இந்த மறைப்பை முழுதாக நம்பக்கூடாது. அடைப்பின் ஒரு பக்கத்தை மற்றப் புலிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அது ஓர் அடி விலகினால், காலியான இடத்துக்கு அடைபட்ட புலி தாண்டலாம். விலகிய மறுகணமே அந்த இடத்தில் ஓர் ஆட்டை நிறுத்தாவிட்டால் கட்டிய வேலி அங்கேயே உடையும்.

ஊர் வழக்கங்கள் மோதுவதும் இங்கேதான். நகரமுடியாத புலியைக் கட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமா, கடைசிவரை அங்கேயே இருக்கவிட வேண்டுமா? இருவிதமாகவும் பிள்ளைகள் ஆடப் பார்த்திருக்கிறேன். இருதரப்பும் 'எங்க ஊரில் இப்படித்தான்' என்றே சாதிக்கும். எடுத்துவிட்டால் காவல் நின்ற ஆடுகளுக்கு விடுதலை, ஆனால் மறைப்பு போய்விடும். இருக்கவிட்டால் மறைப்பு உண்டு, ஆனால் நான்கைந்து ஆடுகள் அசையாமல் கட்டுண்டு கிடக்கும். தன் கூட்டாளிப் புலியே வழிமறித்து நின்றால் அது 'அடைபட்டது' ஆகுமா என்பது அடுத்த வழக்கு. ஆகாது என்பதே என் கருத்து. ஆடுகள் செய்யாத வேலைக்கு ஆடுகளுக்கு எதற்குப் பலன்?

இதே வழக்கு இன்று வேறொரு மேசையிலும் நடக்கிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோரின் ஆக்கமாக வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் 2014 பதிப்பில், பிடிபட்டவரின் நகர்வேகம் சுழியாகிவிடும். இடையில் நிற்பவர் நண்பரோ எதிரியோ, அவர் பாதி உடலை மறைத்தால் பாதி மறைப்பு. தற்காப்பு எண்ணில் 2 கூடும். ஆனால் பிடித்த எதிரியை இழுத்துக் கேடயம்போல் முன்னால் நிறுத்துவதற்கெனத் தனி விதி அந்தப் பதிப்பின் அடிப்படை நூலில் இல்லை. தவறிய அம்பு அந்த எதிரியைத் தைக்குமா, அவன் திமிறினால் மறைப்பு நிற்குமா என்பதையெல்லாம் ஒவ்வொரு குழுவும் தனக்குத்தானே தீர்மானித்துக்கொள்கிறது. திண்ணையில் நடந்த பஞ்சாயத்தும் இதுதான்.

இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்னும் ஆங்கில நூலில் அங்குள்ள வேட்டை ஆட்டங்களை விவரிக்கிறார். அவற்றுள் ஒன்றின் சிங்களப் பெயருக்குத் 'தமிழர் சிறுத்தை ஆட்டம்' என்பது பொருள். கட்டங்களும் காய்களும் இப்படி நூல்களில் ஏறின. திண்ணைத் தீர்ப்புகள் ஏறவில்லை. கைப்பேசிச் செயலியில் ஆடும் பிள்ளைக்கு அதைச் செய்தவர் எழுதிய ஒரே விதிதான் தெரியும். பேசி முடிவெடுக்க எதிரே ஆளும் இல்லை. கட்டம் செதுக்கிய தளக்கல் பெயர்த்தெடுக்கப்பட்டு ஓடு பதிக்கப்படும் ஊர்களில் கோடும் மிஞ்சாது.

இதை ஆவணப்படுத்த விரும்பும் மாணவர்கள் கட்டத்தைப் படமெடுப்பதோடு நிற்காமல், ஆடிப் பழகிய பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதிவைக்கலாம்: ஆடு எத்தனை, அடைபட்ட புலியை எடுப்பீர்களா, ஒரே முறையில் புலி இரண்டு ஆடுகளை வெட்டலாமா. ஊர்ப்பெயரையும் சொன்னவரின் வயதையும் சேர்த்தே குறிக்கவும்.