பட்டாவில் ஏறாத உழைப்பு

எஸ்தோனிய எழுத்தாளர் தாம்சாரேயின் ‘உண்மையும் நீதியும்’ (1926–1933) ஐந்து பாக நாவல். முதல் பாகத்துல ஆந்திரேஸ் சதுப்பு நிலத்துல ஒரு பண்ணை வாங்குறான். வடிகால் வெட்டுறான், கல் பொறுக்குறான், பக்கத்துப் பண்ணைக்காரனோட ஓயாம வழக்காடுறான். எங்க முகையூர் பக்கம் நடக்கிற வரப்புத் தகராறேதான்!

ஆனா எனக்கு ஒரு கேள்வி. ஆந்திரேஸ் சிந்துன வேர்வை நிலத்துல நின்னுச்சு. நிலமே இல்லாதவங்க உழைப்பு எங்க நிக்கும்?

அதுக்குப் பதில் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994). ஆரோக்கியமும் சவுரியும் கிறிஸ்தவ வண்ணார் குடும்பம்; தலித் மக்களுக்குத் துணி வெளுக்கிறவங்க. கூலி பணமா வராது. அறுவடைக் களத்துல கொஞ்சம் தானியம், ராத்திரி வீடு வீடாப் போய் வாங்குற சோறு. பிரசவத் துணி, சாவு வீட்டு வேலை எல்லாம் இதுலயே அடக்கம். காலம் மாற மாற அந்தத் தானியமும் சோறும் குறையுது. ஒடுக்கப்பட்டவங்களுக்குள்ளயும் மேல் கீழ் இருக்குன்னு காட்டுனதால நாவல் பெரிய விவாதத்தையும் கிளப்புச்சு.

அ-பதிவேட்டைப் புரட்டினா சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பேர் எல்லாம் கிடைக்கும். அந்த ஊர்த் துணியை யார் வெளுத்தாங்க, எத்தனை படி வாங்கினாங்கன்னு அதுல இருக்காது. நாவல் கற்பனைதான், ஆதாரமா அப்படியே எடுத்துக்க முடியாது. ஆனா என்ன கேட்கணும்னு அது சொல்லிக்கொடுக்குது. ஊர் வரலாறு எழுதணும்னு எட்டு வருஷமா பட்டா விவரம் சேர்க்குற நான், எங்க தெருவுக்கு வெளுத்த பாட்டியோட பேரைக் கேட்டதே இல்லை. இனிமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.