சோர்ந்துபோதல்: ஒரு வேதச் சொல்லின் வரலாறு

நமது பழைய தமிழ் வேதாகமத்தில் ‘சோர்ந்துபோதல்’, ‘தளர்ந்துபோதல்’ என்று நாம் வாசிக்கும் சில இடங்களில், கிரேக்க மூலத்தில் அமைந்திருப்பது ‘எக்லுவோ’ என்னும் வினைச்சொல்லாகும். அவிழ்த்தல் எனப் பொருள்படும் ‘லுவோ’ என்பதனின்று இது பிறந்தது. இறுகக் கட்டியிருந்தது நெகிழ்ந்துபோவதே இதன் அடிப்படைக் கருத்து. உடல் வலுவிழப்பதையும் உள்ளம் உறுதி குலைவதையும் கிரேக்கர் இவ்வொரு சொல்லாலேயே குறித்தனர்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், சொல்வன்மையைப் பற்றிய தமது நூலின் 3-ஆம் புத்தகத்தில், இச்சொல்லை ஓட்டக்காரருக்கு வழங்குகிறார். எல்லையை அடைந்த இடத்திலேதான் அவர்கள் மூச்சிரைத்துத் தளர்கின்றனர். எல்லை கண்முன் நிற்குமளவும் களைப்பதில்லை என்பது அவர் கருத்து. களைப்பதற்கு அவர் ஆளும் சொல் ‘காம்னோ’.

யூதர்களின் கிரேக்க நூல்களிலும் இச்சொல் இடம்பெற்றது. பெத்தொரோன் மேட்டில் பெரும்படையைக் கண்ட யூதா மக்கபேயுவின் வீரர், அன்று உண்ணாமையால் தாங்கள் தளர்ந்திருப்பதாக முறையிட்டனர் (1 மக். 3:17). நீதிமொழிகள் 3:11-இல் எபிரேயச் சொல் ‘வெறுத்தல்’ என்னும் பொருளுடையது. செப்துவஜிந்து மொழிபெயர்ப்பாளரோ அவ்விடத்தில் ‘எக்லுவோ’வை அமைத்தனர். எபிரெயர் நிருபம் 12:5 அதனையே எடுத்தாளுகிறது.

இதற்கு இரு வசனங்கள் முன்னதாக, 12:3-இல், ‘காம்னோ’, ‘எக்லுவோ’ ஆகிய இரு சொற்களும் அருகருகே வருகின்றன. நிருபக்காரர் அரிஸ்டாட்டிலை வாசித்தார் என்று நாம் சொல்லவேண்டுவதில்லை. ஓட்டக்களத்தின் மொழி இருவருக்கும் பொதுவானது. ஆனால் இங்கே ஓடுவோர் எல்லைக்கு முன்னரே தளரும் ஆபத்தில் இருக்கின்றனர். ஆகவே, அவர்களுடைய கண்கள் இயேசுவின்மேல் திருப்பப்படுகின்றன.

எனினும், இச்சொல்லின் வரலாறு இன்னொன்றையும் நமக்கு நினைப்பூட்டுகிறது. மூன்று நாள் தம்முடன் தங்கியிருந்த ஜனங்கள் வழியில் சோர்ந்துபோவார்களே என்று ஆண்டவர் மனதுருகியபோதும் இதே வினைதான் வருகிறது (மத். 15:32; மாற். 8:3). அவர்களுக்கு அவர் பொறுமையைப் போதிக்கவில்லை, அப்பம் கொடுத்தார்.

ஆகையால் சோர்ந்தவரைக் காணும் போதகர், அச்சோர்வு எங்கிருந்து வந்தது என்று முதலில் ஆராயவேண்டும். நோக்கத்தை இழந்தவருக்கு இயேசுவைக் காட்டுதல் வேண்டும். பசித்தவருக்கோ, பிரசங்கத்திற்கு முன்னே பந்தி வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் வேதம், இரண்டிற்கும் ஒரே மருந்தை விதிக்கவில்லை.