யார்க் டியூபாவுக்கு அந்தப் பெயர் தகுமா?

மேல்நாட்டுச் சங்கீதத்தில் வயலின் என்றால் ஸ்ட்ராடிவாரியஸ் என்பார்கள். டியூபா வாசிக்கிறவர்களிடம் அதே பயபக்தியோடு சொல்லப்படும் பெயர் ஒன்று உண்டு: யார்க். அந்தப் பெயருக்கு அவ்வளவு மரியாதை தகுமா என்பதுதான் இன்றைய விஷயம். முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளில் குறிப்பு எழுதிக் காலம் தள்ளியவன் நான். அதே வழக்கப்படி முதலில் சங்கதிகளை வைக்கிறேன், அபிப்பிராயம் பிறகு.

டியூபா என்பது பித்தளை வாத்தியங்களில் மிகத் தாழ்ந்த சுருதியில் பேசுவது. அணிவகுப்பு பேண்டுகளில் உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு வருவார்களே, அந்த சூசாபோன் இதற்கு நெருங்கிய உறவு. 1835-ல் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் இதைத் 'துய்பா' என்போம். பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தண்ணீரில் முகம் புதைத்து நீந்துகிறவர்கள் வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழலும் துய்பாதான். இந்த இரண்டாவது பொருளைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்று ஓர் ஊர். மேசை, நாற்காலி, பீரோ செய்வதற்குப் பேர்போனது. அங்கே ஜே. டபிள்யூ. யார்க் என்பவர் தொடங்கிய கம்பெனி, முக்கியமாக பேண்டு கோஷ்டிகளுக்கு வாத்தியம் செய்து விற்றுவந்தது. 1930-களின் தொடக்கத்தில் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவை நடத்திவந்தவர் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி. அவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து மேலே வந்தவர். ஆர்கனின் பெரிய குழாய்கள் எழுப்புவது போல, அரங்கத்தை நிரப்பும் ஓர் அடிநாதம் தன் ஆர்கெஸ்ட்ராவுக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காக அவருடைய டியூபாக் கலைஞர் பிலிப் டொனாடெல்லிக்கு யார்க் கம்பெனி மிகப் பெரிய சி சுருதி டியூபாக்களைச் செய்து கொடுத்தது. நான்கு பிஸ்டன் வால்வு, ஐந்தாவதாக ஒரு சுழல் வால்வு. செய்தது இரண்டே இரண்டுதான்.

டொனாடெல்லி பருத்த சரீரம் உள்ளவர். வாத்தியத்தை மடியில் வைத்தால் ஊதும் இடம் அவர் வாய்க்குத் தோதாக வரவில்லையாம். ஒன்றைத் தம்மிடம் படித்துக்கொண்டிருந்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸ் என்ற பையனுக்கு 175 டாலருக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் வாரம் 5 டாலர் தவணையில்.

அந்தப் பையன் 1944-ல் சிகாகோ சிம்பொனியில் சேர்ந்து 1988 வரை இருந்தார். பிரிட்ஸ் ரைனர், பிறகு ஜார்ஜ் ஷோல்டி நடத்திய காலங்களில் அந்த ஆர்கெஸ்ட்ராவின் பித்தளை வரிசை உலகப் பிரசித்தி பெற்றது. ஒரு முனையில் அடால்ப் ஹெர்செத்தின் டிரம்பெட், மறு முனையில் ஜேக்கப்ஸின் டியூபா. இசைத்தட்டுகள் தேசம் தேசமாகப் போயின. கேட்ட இளைஞர்கள், "அவர் என்ன வாத்தியம் வைத்திருக்கிறார்?" என்று விசாரித்தார்கள். யார்க் என்ற பெயர் அப்படித்தான் பரவியது.

இரண்டாவது டியூபாவும் பிற்பாடு ஜேக்கப்ஸிடமே வந்து சேர்ந்தது. இப்போது இரண்டும் சிகாகோ சிம்பொனியின் சொத்து. ஸ்விட்சர்லாந்தின் ஹிர்ஸ்புரூனர் கம்பெனியும் ஜப்பானின் யமஹாவும் அவற்றை அளவெடுத்து நகல் செய்தன. அப்படி ஒரு நகல் வாங்க ஒரு நல்ல காரின் விலை ஆகும். சங்கீத உத்தியோகம் கிடைக்குமா என்று தெரியாத நிலையில் கடன் வாங்கி அதை வாங்குகிற பிள்ளைகளும் உண்டு. ஆகவே இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

எங்கள் அலுவலகத்தில் பிரெஞ்சுக் காலத்துத் தட்டச்சு மெஷின் ஒன்று இருந்தது. விசைகள் பிரெஞ்சு வரிசையில் இருக்கும். அதில் அடித்த கடிதத்தில் பிழையே வராது என்று பேர். அதில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்குப் போட்டியோ போட்டி. ஜெயித்தவர் உட்கார்ந்தார். மறு வாரமே பிழைகள் வர ஆரம்பித்தன. மெஷின் நல்ல மெஷின்தான், சந்தேகமில்லை. ஆனால் பிழையில்லாமல் அடித்தது பெரியவரின் விரல்.

டியூபா விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். பித்தளை வாத்தியத்தில் ஒலி பிறப்பது பித்தளையில் இல்லை, ஊதுகிறவரின் உதட்டில். காற்று உதட்டை அதிரவைக்கிறது, சி டியூபாவின் 16 அடிக் குழல் அந்த அதிர்வை வாங்கி வளர்க்கிறது. ஜேக்கப்ஸ் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததும் மூச்சைப் பற்றித்தான். அவருக்கே ஆஸ்துமா இருந்தது. மூச்சை அளக்கும் கருவிகளை வாங்கி வைத்து மாணவர்களை ஊதச் சொல்லிப் பார்ப்பார். டிரம்பெட், ஹார்ன் வாசிக்கிறவர்களும் அவரைத் தேடி வருவார்கள். 'பாட்டும் காற்றும்' என்பதே அவருடைய மந்திரம். மனதில் பாட்டு ஓடவேண்டும், காற்று தடையில்லாமல் போகவேண்டும், மற்றதெல்லாம் தானே வரும் என்பார். முதலில் சொன்ன மூச்சுக்குழல் இப்போது ஞாபகம் வருகிறதா?

அவருக்குப் பின் 1989-ல் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஜீன் போகோர்னி. இஸ்ரேல், செயின்ட் லூயிஸ் ஆர்கெஸ்ட்ராக்களில் வேறு டியூபாக்களோடு பேர் வாங்கிய பிறகே அந்த யார்க் அவர் மடிக்கு வந்தது.

இன்னொரு சாட்சி வயலின் பக்கமிருந்து. கிளோடியா ஃப்ரிட்ஸ் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 2010-ல் இண்டியானாபொலிஸில் ஒரு சோதனை நடத்தினார். 21 வயலின் கலைஞர்கள், 6 வயலின்கள். மூன்று புதியவை. மற்ற மூன்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரியஸ், ஒன்று குவார்னேரி. எது எதுவென்று தெரியாதபடி கலைஞர்களுக்கு இருண்ட கண்ணாடி மாட்டிவிட்டார்கள். எது பழசு, எது புதுசு என்று பெரும்பாலோரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதிகம் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரியஸுக்கு.

வேலைக்கு ஏற்ற கருவி என்பதும் ஒன்று இருக்கிறது. 1922-ல் ராவெல், முஸோர்க்ஸ்கியின் பியானோ இசையை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியபோது, மாட்டுவண்டிப் பகுதியில் டியூபாவுக்குத் தனிப்பாட்டு வைத்தார். அவர் மனதில் இருந்தது பாரிஸில் அப்போது வழங்கிய சின்ன சி டியூபா. பெரிய டியூபாவில் அந்த மேல் ஸ்வரங்களை எட்டுவது படாதபாடு. பலர் அந்த இடத்துக்கு யூபோனியத்தை எடுத்துக்கொள்கிறார்கள். யார்க்கே ஆனாலும் எல்லா வேலைக்கும் ஆகாது.

சங்கதிகள் இவ்வளவு. இனி என் குறிப்பு. சிகாகோவில் இருக்கும் அந்த இரண்டு டியூபாக்களுக்கும் பெயர் தகும். ஒருவர் இன்ன நாதம் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார், கிராண்ட் ராப்பிட்ஸ் தொழிலாளிகள் அதைத் தட்டிச் செய்து கொடுத்தார்கள். அந்தத் தொழிலாளிகளுக்கு ஒரு கும்பிடு. ஆனால் யார்க் என்ற முத்திரை உள்ள எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் தானாக வந்துவிடாது. ஒரு தாசில்தார் நல்லவர் என்பதற்காக அந்த நாற்காலியில் உட்காருகிற எல்லோரும் நல்லவர் ஆகிவிடுவாரா?

நகல் வாங்க நினைக்கிற பிள்ளைகள், பெயரைப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் நாலைந்து டியூபாக்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். காதுக்குப் பிடித்ததை வாங்கட்டும். வாங்க வசதி இல்லாதவர்கள் மனம் தளரவேண்டியதில்லை. மூச்சைப் பழக்கக் காசு வேண்டாம்.