வீடியோ 4கே, ஆனா பேச்சு மட்டும் புரியலையா? தனி ஆடியோ ரெக்கார்டர் எப்படி உதவும்? முழு விவரம்

ஊருக்குப் போனப்போ பாட்டியை உட்கார வைத்து, பழைய கதையெல்லாம் சொல்லச் சொல்லி செல்போனில் வீடியோ எடுக்கிறோம். முகம் பளிச்சுனு இருக்கு. ஆனா வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தா, ஃபேன் சத்தம்தான் பெருசா கேட்குது. பாட்டியின் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது.

படம் கொஞ்சம் ஆடினாலும், இருட்டா இருந்தாலும் பார்த்துவிடலாம். பேச்சு புரியலைன்னா அந்த வீடியோவால் பயனே இல்லை. இதைத் தவிர்க்க எளிய வழி, ஒலியைத் தனியாகப் பதிவு செய்வது.

பிரச்னை எங்கே?

செல்போன் மைக் மோசமானது இல்லை. அது இருக்கும் இடம்தான் தப்பு. முழு உருவம் ஃப்ரேமில் வர, போனை 8 அடி தள்ளி வைக்கிறோம். மைக்கும் அங்கேயே போய்விடுகிறது.

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் அழுத்தம் பாதியாகக் குறையும். அதாவது 1 அடியில் கேட்பதில் 8-ல் ஒரு பங்குதான் 8 அடியில் கிடைக்கும். ஆனால் ஃபேன், டிராஃபிக் சத்தம் குறையாது. இது போதாதென்று, பேசுபவர் இடைவெளி விடும்போது பல போன்கள் தானாகவே ஒலி அளவை ஏற்றிவிடும். அப்போ ஃபேன் சத்தம் இன்னும் எகிறும்.

விலை உயர்ந்த போன் வாங்கினாலும் இந்தத் தூரம் குறையப் போவதில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் தீர்வு.

சினிமாக்காரர்கள் செய்வதுதான்

சினிமாவில் படத்தை கேமராவும், ஒலியைத் தனிக் கருவியும் பதிவு செய்வது பழைய முறை. ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-ல் உருவாக்கிய 'நாக்ரா' கையடக்க டேப் ரெக்கார்டரும், அதற்குப் பின் வந்த மாடல்களும் உலகம் முழுக்கப் படப்பிடிப்புகளில் பயன்பட்டன. நமக்கெல்லாம் தெரிந்த க்ளாப் போர்டின் முக்கிய வேலையும் இதுதான். பலகை மோதும் காட்சி படத்திலும், 'டக்' என்ற ஓசை ஒலியிலும் பதிவாகும். பிறகு எடிட்டிங்கில் இரண்டையும் ஒன்றாகப் பொருத்துவார்கள்.

ரெக்கார்டர் கட்டாயம் வாங்கணுமா?

தேவையில்லை. வீட்டில் இருக்கும் இன்னொரு செல்போனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, வாய்ஸ் ரெக்கார்டர் ஆப்பை ஆன் செய்து, பேசுபவரின் சட்டைப் பையில் வைக்கலாம். பெரும்பாலான போன்களில் பேசும் மைக் அடிப்பக்கம் இருப்பதால், தலைகீழாக வையுங்கள். மேஜையில் வைப்பதாக இருந்தால் கீழே ஒரு கைக்குட்டையை மடித்துப் போடுங்கள். மேஜையைத் தட்டும் அதிர்வு குறையும்.

காலர் மைக் இருந்தால் இன்னும் நல்லது. மார்பில், வாயில் இருந்து ஒரு சாண் கீழே குத்தலாம். தாலி, செயின், துப்பட்டா உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போனுக்கான மைக் பின்னில் வழக்கமாக 3 வளையங்கள் இருக்கும், கேமரா, ரெக்கார்டருக்கானதில் 2 இருக்கும். மாற்றி வாங்கிவிட்டால் ஒலி பதிவாகாமல் போகலாம்.

தனி ரெக்கார்டர் என்றால் என்ன செட்டிங்?

* வேவ் ஃபார்மட், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் 1 மணி நேரத்துக்கு சுமார் 1 ஜிபி இடம் பிடிக்கும்.

* சாதாரணமாகப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். 0-வைத் தொட்டால் ஒலி கரகரத்துவிடும். அதைப் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

* சில மாடல்களில் ரெக்கார்டு பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும். முதல் முறை அழுத்தினால் தயார் நிலைதான். நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

* வெளியே எடுத்தால் மைக்குக்கு காற்றுத் தடுப்பு பஞ்சு கட்டாயம்.

இரண்டையும் சேர்ப்பது எப்படி?

1. கேமரா, ரெக்கார்டர் இரண்டையும் ஆன் செய்யுங்கள். கேமராவின் ஒலியை மியூட் செய்யாதீர்கள். பொருத்துவதற்கு அதுதான் அடையாளம்.

2. கேமராவில் தெரியும்படி, ரெக்கார்டருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள்.

3. எடிட்டிங் ஆப்பில் இரண்டு ஆடியோவையும் மேலும் கீழுமாக வையுங்கள். கை தட்டிய இடம் ஊசி போல உயர்ந்து தெரியும். இரண்டு ஊசிகளையும் நேராக்குங்கள்.

4. சரியாக இருந்தால் கேமரா ஒலியை மியூட் செய்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் என்றால், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே அலைவடிவத்தைப் பார்த்துத் தானாகப் பொருத்திவிடும்.

மேடை நிகழ்ச்சியைத் தூரத்தில் இருந்து எடுப்பவர்கள் கவனிக்க: ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி இருக்கும் கேமராவுக்கு ஒலி நொடியில் 10-ல் ஒரு பங்கு தாமதமாக வரும். அங்கே கேமராவின் ஒலியை நம்பாமல், கைகள் மோதும் காட்சியோடு பொருத்துங்கள்.

ஒரு மணி நேரப் பதிவில் உதட்டசைவு மெல்ல விலகலாம். இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாததே காரணம். முடிவிலும் ஒரு முறை கை தட்டி வையுங்கள். விலகல் தெரிந்தால், பேச்சின் இடைவெளியில் ஆடியோவை வெட்டிக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

இதை மறக்காதீங்க

பையில் இருக்கும் ரெக்கார்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கும். பதிவு செய்கிறோம் என்று பேசுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பேட்டி முடிந்ததும் முதலில் அதை நிறுத்துங்கள்.

ஆரம்பிப்பதற்கு முன் ஃபேனை நிறுத்தி, 30 நொடி பேசச் சொல்லிப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் அப்பவே தெரிஞ்சிடும். எடிட் முடிந்த பிறகும் அசல் ஆடியோ ஃபைலை அழிக்காமல் வைத்திருங்கள். பாட்டி அந்தக் கதையை இன்னொரு தடவை அதே மாதிரி சொல்வாங்கன்னு உறுதி இல்லையே!